சபா டிக்கெட்டையும் ரயில் டிக்கெட்டையும் ஒரே கவரில் போடாதீர்கள்

கேள்வி: ஐயா, நான் மயிலாடுதுறை பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறேன். மார்கழிக் கச்சேரி கேட்கச் சென்னை சபா ஒன்றில் என் அண்ணன் இரண்டு சீசன் டிக்கெட் வாங்கி, தீபாவளிக்கு வந்தபோது கொடுத்துவிட்டு வெளிநாடு போய்விட்டார். மகளுக்கு மார்கழியிலேயே பிரசவ தேதி வருவதால் என்னால் போக முடியாது. அண்ணனுக்குத் தெரிந்த மயிலாப்பூர்க்காரர் ஒருவர் டிக்கெட்டை வாங்கிக்கொள்கிறேன் என்று பணமும் அனுப்பிவிட்டார். அது தவிர, பொங்கலுக்கு இங்கே வரப்போகும் என் மாமனார் மாமியாருக்கு மயிலாடுதுறை ஸ்டேஷன் கவுன்டரில் ரயில் டிக்கெட் எடுத்து வைத்திருக்கிறேன். அவர்கள் தாம்பரத்தில் இருக்கிறார்கள். எல்லாவற்றையும் ஒரே கவரில் போட்டு மாமனாருக்கு அனுப்பிவிட்டால், சபா டிக்கெட்டை அவர் மயிலாப்பூரில் சேர்த்துவிடுவார். தபாலா, கூரியரா, ராத்திரி பஸ் டிரைவரிடம் கொடுத்துவிடுவதா? வீட்டில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். வழியில் தொலைந்தால் பணம் கிடைக்குமா? (பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்: அம்மா, உங்கள் கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். ஸ்பீட் போஸ்ட் கவர் தொலைந்துபோனால் தபால் துறை தருவது, நீங்கள் கட்டிய கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு அல்லது 1,000 ரூபாய், இரண்டில் எது குறைவோ அது. சாதாரணக் கவருக்கு இது நூறு ரூபாய்ச் சொச்சத்தைத் தாண்டாது. குறித்த நாளைத் தாண்டி வந்தால் கட்டிய கட்டணம் திரும்பக் கிடைக்கும். உள்ளே ஐயாயிரம் ரூபாய் டிக்கெட் இருந்ததா, வெறும் கடிதம் இருந்ததா என்ற பேச்சே அங்கே எழாது. 1898-ஆம் வருடத்துப் பழைய அஞ்சல் சட்டத்திலும் இப்படித்தான். அதற்குப் பதிலாக 2024 ஜூன் 18 முதல் அமலில் இருக்கும் 2023-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இப்படித்தான். தபால் துறை தானாக ஏற்றுக்கொண்ட பொறுப்புக்கு மேல் அதனிடம் கேட்க முடியாது.

அப்படியானால் இன்ஷ்யூர் செய்துவிடலாமே என்று தோன்றும். செய்யலாம், தவறில்லை. டிக்கெட்டின் உண்மையான விலையைச் சொல்லி, அதற்கான கட்டணத்தைக் கட்டி, ரசீது வாங்கிக்கொள்ளலாம். விலையைக் கூட்டிச் சொல்லிப் பயனில்லை, உண்மை மதிப்புக்கு மேல் ஒரு ரூபாயும் தரமாட்டார்கள். சபாவில் பணம் கட்டிய ரசீது அண்ணனிடம் இருந்தால் அதன் படத்தை இப்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கிராமத்துக் கிளை அஞ்சலகத்தில் இன்ஷ்யூருக்கான வரம்பு மிகக் குறைவு, அதனால் மயிலாடுதுறை தலைமை அஞ்சலகத்துக்கே போய்விடுங்கள்.

ஆனால் இன்ஷ்யூரன்ஸ் தொலைவதற்கும் சேதத்துக்கும்தான், நாள் தப்புவதற்கு அல்ல. டிசம்பர் 20-ஆம் தேதிக் கச்சேரிக்கான டிக்கெட் 21-ஆம் தேதி காலையில் சீல் உடையாமல் போய்ச் சேர்ந்தால், தபால் துறையின் கணக்கில் அது ஒழுங்காகப் பட்டுவாடா ஆன கவர். நகை ஒரு நாள் தாமதமாக வந்தாலும் நகைதான். டிக்கெட் அப்படியில்லை. டிக்கெட் அனுப்ப வருகிறவர்கள் எல்லாரும் திருட்டைப் பற்றித்தான் கேட்பார்கள். மூன்று சீல் போடட்டுமா, நான்கு போடட்டுமா என்பார்கள். கச்சேரி என்றைக்கு, வீட்டில் யார் இருப்பார்கள், நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை ஆயிற்றே என்று யோசிப்பவர் குறைவு. நான் தபாலாபீஸ் கவுன்டரில் வேலை பார்த்த காலத்தில் 'தொலைந்துபோச்சு' என்று சண்டைக்கு வந்த கவர்களில் பெரும்பாலானவை தொலையவே இல்லை. வீடு பூட்டிக் கிடந்தது, போஸ்ட்மேன் சீட்டு வைத்துவிட்டு வந்தார், கவர் ஆபீசிலேயே டெபாசிட்டில் கிடந்தது. வாங்க வேண்டியவர் வராவிட்டால் ஏழு நாள் வைத்திருந்து அனுப்பியவருக்கே திருப்புவார்கள். கவர் பத்திரமாகத் திரும்பி வரும். டிக்கெட்டின் தேதி அதற்குள் போயிருக்கும்.

ஆகவே சீல் போடுவதைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால் இரண்டு விஷயம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்: இந்த டிக்கெட் போய்விட்டால் இன்னொன்று தருவார்களா? எத்தனை நாள் கையில் இருக்கிறது? உங்களிடம் இருக்கும் இரண்டு வகை டிக்கெட்டுக்கும் இதில் வேறு வேறு பதில். அதனால்தான் ஒரே கவர் வேண்டாம் என்கிறேன்.

முதலில் ரயில் டிக்கெட். இதில் பயணிகள் பெயர் பதிவாகியிருக்கிறது, பி.என்.ஆர். எண் இருக்கிறது. வேறொருவர் கையில் கிடைத்தாலும் அவர் உட்கார்ந்து போக முடியாது. அந்த மட்டில் நிம்மதி. ஆனால் கவுன்டர் டிக்கெட்டில் ஒரு சங்கடம் உண்டு. பயணம் செய்யும்போது அசல் கையில் இருந்தே ஆக வேண்டும். ஜெராக்ஸ், வாட்ஸ்அப்பில் வந்த படம், கவுன்டரில் செல்போன் எண் கொடுத்ததால் வந்த எஸ்.எம்.எஸ். எதுவும் செல்லாது. ஆன்லைனில் எடுத்த டிக்கெட்டுக்குத்தான் எஸ்.எம்.எஸ்ஸும் அடையாள அட்டையும் போதும். இதை இரண்டையும் குழப்பிக்கொண்டு, படத்தைக் காட்டினால் விட்டுவிடுவார்கள் என்று ஏறிய பெரியவர்கள் டிக்கெட் இல்லாத பயணி என்ற கணக்கில் அபராதம் கட்டியிருக்கிறார்கள். உங்கள் மாமனாரிடம் போனிலேயே இதைச் சொல்லிவிடுங்கள்.

தொலைந்துபோனால் வழி இருக்கிறது. கன்ஃபர்ம் அல்லது ஆர்.ஏ.சி. டிக்கெட்டாக இருந்தால், சார்ட் (பயணிகளின் இறுதிப் பட்டியல்) போடுவதற்கு முன்னால் ரயில் ஏறும் ஊரின் முன்பதிவு அலுவலகத்தில் டூப்ளிகேட் கேட்கலாம். இரண்டாம் வகுப்புக்கும் ஸ்லீப்பருக்கும் ஆளுக்கு 50 ரூபாய், மற்ற வகுப்புகளுக்கு 100 ரூபாய். சார்ட் போட்ட பிறகு கேட்டால் கன்ஃபர்ம் டிக்கெட்டுக்குக் கட்டணத்தில் பாதியைக் கறந்துவிடுவார்கள். சார்ட்டை இப்போதெல்லாம் முன்பைவிடச் சீக்கிரமே போட்டுவிடுகிறார்கள், அதனால் கடைசி நாள்வரை காத்திருக்காமல் இரண்டு நாள் முன்னதாகவே போய்விடுவது நல்லது. வெயிட்டிங் லிஸ்ட் டிக்கெட் தொலைந்தால் டூப்ளிகேட் கிடையாது. உங்களுடையது எந்த நிலையில் இருக்கிறது என்று எழுதவில்லை, பார்த்துக்கொள்ளுங்கள். டிக்கெட்டின் முன்பக்கத்தைத் தெளிவாகப் படம் எடுத்து மாமனாருக்கு இன்றைக்கே அனுப்பிவிட்டால், பி.என்.ஆர். எண்ணும் வண்டி விவரமும் அவர் கையில் இருக்கும்.

பொங்கலுக்கு இன்னும் நாள் இருக்கிறது. அதற்குள் உங்கள் ஊரிலிருந்து யாராவது தாம்பரம் வழியாகப் போகாமலா இருப்பார்கள்? ரயில் டிக்கெட்டைப் பொறுத்தவரை நம்பகமான ஆள் கையில் கொடுத்தனுப்புவதுதான் என் முதல் யோசனை. ஆள் கிடைக்காவிட்டால் ஸ்பீட் போஸ்ட். அடுத்த தடவை வீட்டுப் பிள்ளைகள் யாரையாவது விட்டு ஆன்லைனில் எடுக்கச் சொல்லுங்கள், இந்தப் பேச்சுக்கே இடமில்லை. ரயில்வேயே 2002-ல் இணையத்தில் பதிவு செய்து காகித டிக்கெட்டைக் கூரியரில் வீட்டுக்கு அனுப்பும் ஐ-டிக்கெட் என்று ஒன்றை நடத்திப் பார்த்தது. ஈ-டிக்கெட் வந்த பிறகு அதற்கு வேலை இல்லாமல் போய்விட்டது.

சபா டிக்கெட் சமாசாரம் வேறு. சீசன் டிக்கெட்டில் இருக்கை எண் இருக்கும், சிலவற்றில் பெயரும் இருக்கலாம். ஆனால் வாசலில் நிற்பவர் பெரும்பாலும் அட்டையைத்தான் பார்ப்பார், ஆளைப் பார்க்கமாட்டார். கையில் வைத்திருப்பவர் உள்ளே போய்விடலாம். நீங்கள் கவனம் வைக்க வேண்டியது இதில்தான். தபாலாபீஸுக்குக் கிளம்புவதற்கு முன்னால் சபா அலுவலகத்துக்கு ஒரு போன் போடுங்கள். இருக்கை எண்ணைச் சொல்லி மூன்று கேள்வி கேளுங்கள்: டிக்கெட்டை வேறொருவருக்குக் கொடுக்கலாமா, வாங்குகிறவர் பெயரைப் புத்தகத்தில் குறித்துக்கொள்வீர்களா, தபாலில் தொலைந்தால் டூப்ளிகேட் தருவீர்களா. மாற்றக் கூடாது என்று விதி வைத்திருக்கும் சபாவாக இருந்தால், மயிலாப்பூர்க்காரருக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவதுதான் முறை. டூப்ளிகேட் தருவோம் என்று சொன்னால் உங்கள் பாரம் பாதி இறங்கிவிடும். பேசியவர் பெயரையும் தேதியையும் டைரியில் குறித்துக்கொள்ளுங்கள். அண்ணன் பெயரில் வாங்கியது என்பதால் அவரிடமிருந்து ஒரு வரி மின்னஞ்சல் கேட்டாலும் கேட்பார்கள்.

வாங்குகிறவரிடமும் ஒரு பேச்சு பேசிவிடுங்கள். வழியில் தொலைந்தால் பணம் யார் பொறுப்பு என்று. கேட்க வாய் வராது, தெரிந்தவர் என்பதால் இன்னும் கூச்சமாக இருக்கும். வாட்ஸ்அப்பில் ஒரு வரி போதும்: 'இன்ன தேதி ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புகிறேன், வராவிட்டால் பணத்தைத் திருப்பிவிடுகிறேன்' என்றோ, 'அனுப்பிய ரசீது காட்டியதும் உங்கள் பொறுப்பு, சரியா?' என்றோ. பணம் வாங்கியாகிவிட்டதால் முதல் வகைதான் நியாயம் என்று நான் நினைக்கிறேன். டிக்கெட்டின் படத்தை அவருக்கு அனுப்பினால் பார்கோடு, க்யூ.ஆர். கட்டம் இருக்கும் இடத்தை விரலால் மறைத்து எடுங்கள். அவரை நம்பாததால் இல்லை. அந்தப் படம் எத்தனை குரூப்புக்குப் போகும் என்று அவருக்கே தெரியாது. டிக்கெட் வாங்கிய சந்தோஷத்தில் முழுப் படத்தையும் ஸ்டேட்டஸில் போடுகிறவர்களை என்ன சொல்வது!

மாமனாரைத் தாம்பரத்திலிருந்து மயிலாப்பூருக்கு அலைய விடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. வயதானவர், மழைக்காலம், ஒரு கை கூடுதலாக மாறுகிறது. நேரே மயிலாப்பூருக்கே அனுப்புங்கள்.

எந்தச் சேவை என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பழைய ஆட்கள் ரெஜிஸ்டர் தபால்தான் பத்திரம் என்பார்கள். 2025-ல் அதைத் தனிச் சேவையாக வைக்காமல் ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்கள். இன்னும் சிலர் 'சர்டிபிகேட் ஆஃப் போஸ்டிங் போடுங்கள்' என்று கேட்பதுண்டு; அதை 2011-லேயே நிறுத்தியாகிவிட்டது. இப்போது கேட்க வேண்டியது ஸ்பீட் போஸ்ட். 2025 அக்டோபர் 1 முதல் 50 கிராம் வரை வெளியூருக்கு 47 ரூபாய், ஜி.எஸ்.டி. தனி. துணிக்கவர், அட்டை எல்லாம் சேர்த்தால் எடை 50 கிராமைத் தாண்டலாம், கொஞ்சம் கூடும், அதற்காக அட்டையை எடுத்துவிடாதீர்கள். இதன் மேல் இன்னும் 5 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் கட்டினால் 'ரெஜிஸ்ட்ரேஷன்' சேர்க்கலாம்: முகவரியில் யார் இருந்தாலும் கொடுத்துவிடாமல், பெயர் எழுதப்பட்டவரிடமோ அவர் எழுத்தில் அதிகாரம் கொடுத்தவரிடமோதான் தருவார்கள். அதே 5 ரூபாய்க்கு ஓ.டி.பி. டெலிவரியும் உண்டு, வாங்குகிறவர் போனுக்கு வரும் எண்ணைச் சொன்னால்தான் கவர் கைமாறும். சென்னை அடுக்குமாடியில் வாட்ச்மேன் மேசையில் தபால் குவிந்து கிடக்கும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. உங்கள் விஷயத்தில் ஓ.டி.பி. போடுங்கள். பின்னால் 'வரவில்லை' என்ற பேச்சுக்கும் இடமிருக்காது.

இனி கவர். சன்னமான வெள்ளைக் கவர் வேண்டாம். வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே அட்டையின் நிறமும் எழுத்தும் தெரிந்துவிடும். துணி ஒட்டிய கவர் வாங்குங்கள், ஸ்டேஷனரிக் கடையில் கிடைக்கும். டிக்கெட்டை முதலில் ஒரு பாலிதீன் உறையில் போடுங்கள், நம் ஊர்க் கார்த்திகை மழைக்கு இது கட்டாயம். பிறகு கல்யாணப் பத்திரிகை அட்டை இரண்டுக்கு நடுவே வைத்து, சுற்றிலும் ஒரு கடிதத்தாளை மடித்துக் கட்டுங்கள். அந்தத் தாளிலேயே உங்கள் முகவரி, அவர் முகவரி, இரண்டு போன் எண் எழுதிவிடுங்கள். மேல்கவர் கிழிந்து முகவரி போய்விட்டாலும் உள்ளே இருப்பதை வைத்துச் சேர்த்துவிடுவார்கள். ஸ்டேப்ளர் பின் குத்தாதீர்கள், தபால் கட்டுக்குள் வேறு கவரோடு மாட்டிக்கொண்டு கிழியும். பார்கோடு மேல் குத்தினால் டிக்கெட்டே பாழ். மடிப்பைப் பசையால் ஒட்டி, ஒட்டிய கோட்டின் மேல் குறுக்கே கையெழுத்துப் போட்டு, அதன் மேல் டேப் ஒட்டுங்கள். பிரித்து ஒட்டினால் கையெழுத்து கோணும். இன்ஷ்யூர் செய்தால் அரக்கு முத்திரை கேட்பார்கள். என்ன முறை என்று முதல் நாளே கவுன்டரில் விசாரித்துக்கொண்டு போங்கள். கவரின் வெளியே 'டிக்கெட்', 'முக்கியம்', 'பத்திரம்' என்று எதுவும் எழுத வேண்டாம்.

முகவரியில்தான் பாதிப் பிரச்சினை. நம் கோயில் ஊர்கள் எல்லாவற்றிலும் கீழ வீதி, மேல வீதி, தெற்கு வீதி, வடக்கு வீதி உண்டு, தஞ்சாவூரிலும் திருவாரூரிலும் சிதம்பரத்திலும். பின்கோடு தப்பாக எழுதிய கவர் வேறு ஊர் வடக்கு வீதியைச் சுற்றிவிட்டு வரும். பின்கோட்டின் முதல் மூன்று எண் எந்தப் பிரிப்பு மாவட்டம் என்று சொல்லும், கடைசி மூன்று எந்தப் பட்டுவாடா ஆபீஸ் என்று சொல்லும். மயிலாடுதுறை 609001, கும்பகோணம் 612001; முதல் மூன்று எண்ணைக் கைதவறி மாற்றி எழுதினால் கவர் அடுத்த மாவட்டத்துப் பையில் விழும். மயிலாப்பூர் 600004. தாம்பரத்துக்கு எழுதும்போது இன்னும் கவனம்: மேற்குத் தாம்பரம் 600045, கிழக்குத் தாம்பரம் 600059. தண்டவாளத்துக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று மாமனாரிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள். கதவு எண்ணில் பழசு புதுசு இரண்டும் போடுங்கள். வாங்குகிறவர் செல்போன் எண் இல்லாமல் அனுப்பவே அனுப்பாதீர்கள். அனுப்புநர் முகவரி இடது கீழ்ப்பக்கம்.

நாள் கணக்குக்கு வருவோம். முதல் கச்சேரிக்குப் பத்து நாளாவது முன்னால் கவர் கிளம்பிவிட வேண்டும். சாதாரணமாக மயிலாடுதுறையில் போட்டது சென்னையில் இரண்டாம் மூன்றாம் நாள் கைக்குப் போய்விடும், அது வேறு. டெல்டாவில் ஐப்பசி கார்த்திகை என்றால் புயலையும் கணக்கில் சேர்த்துத்தான் தபால் போட வேண்டும். கஜா 2018 நவம்பர் 16-ல் கரையேறியபோது எத்தனை நாளைக்கு எதுவும் நகரவில்லை என்பது உங்களுக்கும் நினைவிருக்கும். திங்கள் அல்லது செவ்வாய்க்கிழமை, காலையிலேயே போய்ப் போடுங்கள். வெள்ளி சாயங்காலம் போட்டால் ஞாயிறு குறுக்கே வந்துவிடும். 'இன்றைக்குத் தபால் பை எத்தனை மணிக்குக் கட்டுகிறார்கள்?' என்று கவுன்டரில் கேளுங்கள், தப்பாக நினைக்கமாட்டார்கள். அந்த நேரம் தாண்டிக் கொடுத்தால் ஒரு நாள் இங்கேயே போய்விடும்.

எடை போடுவதைக் கூடவே நின்று பாருங்கள். ரசீதில் பெயரும் பின்கோடும் சரியாக ஏறியிருக்கிறதா என்று அங்கேயே படித்துவிடுங்கள். கம்ப்யூட்டரில் ஓர் எண் தப்பினால் பயணம் முழுக்க அந்தத் தப்பான எண்தான் கூட வரும். ரசீதில் ஆங்கில ஈ எழுத்தில் தொடங்கி ஐ.என். என்று முடியும் 13 எழுத்து எண் இருக்கும். அதைப் படம் எடுத்து மயிலாப்பூருக்கு அனுப்பிவிடுங்கள். ரசீதைக் கச்சேரி முடியும்வரை வைத்திருங்கள்.

கூரியர் பற்றிக் கேட்டீர்கள். சென்னைக்கு அனுப்ப மோசமில்லை, சில சமயம் தபாலைவிட ஒரு நாள் முன்னதாகவும் போகும். ஆனால் ரசீதின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருப்பதைப் படித்துவிட்டுக் கொடுங்கள். பொறுப்பு இத்தனை ரூபாய் வரைதான் என்று சொற்பத் தொகை போட்டிருக்கும், பல இடங்களில் பணத்துக்குச் சமமான தாள்களை எடுப்பதில்லை என்றும் இருக்கும். எதிர்த்திசையில், சென்னையிலிருந்து உங்கள் கிராமத்துக்கு வருவதாக இருந்தால் கூரியர் வேண்டாம் என்றே சொல்வேன். 'மெயின் ரோட்டுக்கு வந்து வாங்கிக்கிட்டுப் போங்க' என்று போன் வரும். தபால்காரர் வாய்க்கால் கரை தாண்டியும் வருவார்.

பஸ் டிரைவர் யோசனை உங்கள் வீட்டில் யார் சொன்னதோ! சாவியோ மருந்தோ என்றால் நானும் கொடுத்துவிடுவேன். சீசன் டிக்கெட்டை அப்படிக் கொடுக்காதீர்கள். ரசீது இல்லை, விடியற்காலையில் பஸ் நிற்கும் இடத்துக்கு ஆள் வராவிட்டால் அந்தக் கவர் டேஷ்போர்டிலேயே மறுநாள் மயிலாடுதுறைக்குத் திரும்பிவிடும். டிரைவரைக் குறை சொல்ல முடியாது, அது அவர் வேலை இல்லை.

இதே வாரம் இன்னொரு வாசகர் கேரள லாட்டரிச் சீட்டைத் தபாலில் வரவழைப்பது எப்படி என்று எழுதியிருக்கிறார். தமிழ்நாட்டில் 2003 முதல் லாட்டரிக்குத் தடை. அவருக்கு வேறு பதில் இல்லை.

உங்கள் கவரைப் போட்ட மூன்றாம் நாள் இந்தியா போஸ்ட் தளத்தில் அந்த எண்ணைத் தட்டிப் பாருங்கள். 'டோர் லாக்டு' என்று வந்தால் மயிலாப்பூர்க்காரரை அடையாள அட்டையோடு அவருடைய பட்டுவாடா ஆபீசுக்கு நேரே போகச் சொல்லுங்கள், போஸ்ட்மேன் மறுபடி வருவார் என்று காத்திருக்க வேண்டாம். இரண்டு நாளாக ஒரே இடத்தில் நகராமல் நின்றால் 1800 266 6868 என்ற கட்டணமில்லா எண்ணில் புகார் பதிந்து, புகார் எண்ணை எழுதி வைத்துக்கொண்டு, அன்றைக்கே சபாவுக்கும் போன் செய்து டூப்ளிகேட் பேச்சைத் தொடங்கிவிடுங்கள். கச்சேரிக்கு முதல் நாள் பேசினால் அவர்களாலும் ஒன்றும் செய்ய முடியாது. மகளுக்குச் சுகப்பிரசவம் ஆகட்டும்.